கிரியோனை வீழ்த்தியது ஆணவம்தானா?

ஏட்டுச்சுவடி:

பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் ‘ஆன்டிகனி’யை இந்த வாரம் மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த விடை ஒரே வரிதான். கிரியோன் ஆணவம் பிடித்த அரசன், அந்த ஆணவமே அவனை அழித்தது. தேர்விலும் அதையே எழுதி மதிப்பெண் வாங்கினேன். இந்த முறை அந்த விடை எனக்கு ஒட்டவில்லை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. தீப்ஸ் நகர மன்னனாக இருந்த ஈடிபஸின் இரண்டு மகன்களும் ஒருவரையொருவர் கொன்று விழுகிறார்கள். எட்டியோக்ளீஸ் தீப்ஸ் நகரைக் காத்து நின்றவன். பாலினைசீஸ் ஆர்கோஸ் நாட்டுப் படையைக் கூட்டிக்கொண்டு வந்து தன் ஊரையே தாக்கியவன். இருவருக்கும் தாய்மாமன் கிரியோன். அரியணை அவனிடம் வருகிறது. காத்தவனுக்கு முழு மரியாதையோடு அடக்கம், தாக்கியவன் உடல் நாய்க்கும் பறவைக்கும் என்று அவன் ஆணையிடுகிறான். இறந்தவர்களின் தங்கை ஆன்டிகனி அந்த உடல்மேல் மண் தூவுகிறாள். அவள் கிரியோனின் மகன் ஹேமனுக்கு, அதாவது சொந்த மாமன் மகனுக்கு, நிச்சயமானவள் வேறு.

என்னைத் தடுக்கியது கிரியோனின் முதல் உரை. ஆட்சியில் அமரும்வரை ஒருவனுடைய உள்ளத்தை யாராலும் அறிய முடியாது என்கிறான். நல்ல ஆலோசனையைப் பற்றிக்கொள்ளாமல், அச்சத்தால் வாயைப் பூட்டிக்கொள்கிறவன் மோசமான ஆட்சியாளன் என்கிறான். நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவனை நான் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை என்கிறான். இதில் ஆணவம் எங்கே இருக்கிறது? நாடகம் மேடையேறியது கி.மு. 441 வாக்கில். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, கி.மு. 343இல், டெமாஸ்தனீஸ் என்ற பேச்சாளர் தன் எதிரி ஈஸ்கினீஸ்மேல் தொடுத்த வழக்கில் இதே வரிகளை நீதிமன்றத்தில் படிக்க வைத்தார். ஈஸ்கினீஸ் முன்னாள் நடிகர், கிரியோன் வேடம் கட்டியவர். ‘மேடையில் பேசிய இந்த நல்ல வார்த்தைகளை நீ வாழ்க்கையில் மறந்துவிட்டாயே’ என்பதுதான் வாதம். அப்படியென்றால் ஏதென்ஸ் மக்கள் காதில் அது ஒரு நல்ல ஆட்சியாளனின் பேச்சாகத்தானே விழுந்திருக்க வேண்டும்?

இவ்வளவு சரியாகப் பேசியவன் மாலைக்குள் எப்படி அழிந்தான்? உங்கள் வாசிப்பைச் சொல்லுங்கள்.

கரிசல்மண்:

நல்ல கேள்வி. முதலில் ஒரு குழப்பத்தைப் பிரித்துவிடலாம். கிரேக்க நாடகம் என்றதும் ‘ஹூப்ரிஸ்’ என்ற சொல்லை எடுத்து, அதை ஆணவம் என்று மொழிபெயர்த்து, அதுதான் நாயகனின் குறை என்று அரிஸ்டாட்டில் சொன்னதாகவே பலரும் எழுதுகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. ‘கவிதையியல்’ நூலில் நாயகனின் வீழ்ச்சிக்கு அவர் தரும் சொல் ‘ஹமார்த்தியா’. எறிந்த ஈட்டி இலக்கைத் தவறுவதற்கும் அந்த வேரிலிருந்து வரும் வினையைத்தான் கிரேக்கர்கள் பயன்படுத்தினார்கள். குணக்கேடு என்பதைவிட ‘குறி தப்பியது’ என்பதுதான் அதற்கு அருகில் வரும்.

ஹூப்ரிஸ் வேறு. அது மனசுக்குள் இருக்கும் உணர்ச்சி அல்ல, கை செய்யும் காரியம். ‘பேச்சுக்கலை’ நூலில் அரிஸ்டாட்டில் அதற்கு விளக்கம் தருகிறார். தனக்கு எந்த ஆதாயமும் இல்லாமல், அதில் கிடைக்கும் இன்பத்துக்காக மட்டும் இன்னொருவனை அவமானப்படுத்துவது. ஏதென்ஸில் அது வழக்குப் போடக்கூடிய குற்றம். பாதிக்கப்பட்டவர்தான் போட வேண்டும் என்றுகூட இல்லை, எந்தக் குடிமகனும் போடலாம். அடிமைக்கு எதிராகச் செய்தாலும் குற்றம்தான். அதே டெமாஸ்தனீஸை, தியோனிசஸ் திருவிழாவில், மக்கள் நிறைந்த நாடக அரங்கில் வைத்து மெய்டியாஸ் என்ற பணக்காரர் அறைந்தார். அது ஹூப்ரிஸ் என்று டெமாஸ்தனீஸ் எழுதிய உரை இன்றும் இருக்கிறது.

ஆகவே கிரியோனுடைய ஹூப்ரிஸ் எங்கே என்று கேட்டால், அவன் நெஞ்சில் தேடாதீர்கள். ஊருக்கு வெளியே வெயிலில் கிடக்கிறதே அந்தப் பிணம், அங்கே தேடுங்கள். செத்தவனை மறுபடியும் அவமானப்படுத்துவது. குருட்டுத் தீர்க்கதரிசி டெய்ரீசியஸ் அதைத்தான் கிரியோனிடம் நேராகக் கேட்கிறார்: இறந்தவனைத் திரும்பக் கொல்வதில் என்ன வீரம்?

வடக்குவாசல்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாலினைசீஸ் என்ன சாதாரண ஆளா? அயல்நாட்டுப் படையைக் கூட்டி வந்து சொந்த ஊரின் கோவில்களைக் கொளுத்தப் பார்த்தவன். ஏதென்ஸ் சட்டமே துரோகிகளை அட்டிகா மண்ணில், அதாவது ஏதென்ஸ் ஆண்ட நிலப்பகுதியில், புதைக்கக் கூடாது என்றுதான் சொன்னது. பாரசீகர்களுக்கு எதிரான சலமிஸ் போரில் நாட்டையே காப்பாற்றிய தெமிஸ்டொக்ளிஸ்கூட, துரோகக் குற்றச்சாட்டோடு நாடு கடந்து இறந்தவர். அவருடைய எலும்புகளை உறவினர்கள் ரகசியமாகத்தான் கொண்டுவந்து புதைத்ததாகப் பேச்சு இருந்தது என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். அந்த ஊர்க்காரர்கள் இந்த நாடகத்தைப் பார்க்கும்போது கிரியோனின் ஆணை அவர்களுக்கு விசித்திரமாகவே இருந்திருக்காது.

போர் நேற்றிரவுதான் முடிந்திருக்கிறது. ஆட்சிக்கு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. முதல் ஆணையையே சொந்த அக்கா மகள் மீறுகிறாள். சொந்தக்காரி என்பதற்காக விட்டுவிட்டால் நாளைக்கு ஊரில் யார் சட்டத்தை மதிப்பார்கள்? உறவுக்கு வளையாத ஆட்சியாளன் வேண்டும் என்று நாம் எல்லோரும்தானே கேட்கிறோம்?

கரிசல்மண்:

வடக்குவாசல், நீங்கள் சொல்லும் சட்டம் சரி. ஆனால் அது ‘எங்கள் மண்ணில் புதைக்காதே’ என்ற சட்டம். எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துக்கொள்ள அது இடம் விட்டது. கிரியோன் செய்தது வேறு. உடலைத் தீப்ஸ் மண்ணிலேயே போட்டு, யாரும் தொடக் கூடாது என்று காவல் வைத்தான். அதன் விளைவைத்தான் டெய்ரீசியஸ் வந்து சொல்கிறார். பறவைகள் வெறிபிடித்தது போல் ஒன்றையொன்று கிழித்துக்கொள்கின்றன. பலிபீடத்தில் நெருப்புப் பற்றவில்லை, கொழுப்பு உருகிச் சாம்பலில் வழிந்து புகைகிறது. நாய்களும் பறவைகளும் தின்ற பிணத்தின் துணுக்குகள் ஊரின் பலிபீடங்களில் எல்லாம் விழுந்திருக்கின்றன. நகரத்தைக் காக்கப் போட்ட ஆணை நகரத்தையே தீட்டாக்கிவிட்டது.

ஒப்பனையறை:

நான் இதைப் புத்தகமாகப் படிப்பதற்கு முன்பே மேடையில் சந்தித்தேன். கல்லூரி ஆண்டுவிழா, எனக்குக் காவலன் வேடம். சின்ன வேடம்தான், ஆனால் கிரியோனை மிகக் கிட்டத்தில் நின்று பார்க்கிறவன் காவலன்.

‘யாரோ உடல்மேல் மண் போட்டுவிட்டார்கள்’ என்ற செய்தியை அவன் கொண்டுவர வேண்டும். யார் போய்ச் சொல்வது என்று காவலர்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டு இவன் மாட்டிக்கொள்கிறான். வழியெல்லாம் நின்று நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்து யோசித்து வருகிறான். எங்கள் இயக்குநர் அந்த நடையை மட்டும் ஒரு வாரம் பழக வைத்தார். அரசன் ஆட்சிக்கு வந்து ஒரு பகல்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு சாதாரணச் சிப்பாய் உண்மையைச் சொல்ல இவ்வளவு நடுங்குகிறான் என்றால் அந்த ஊரில் காற்று எப்படி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே நட என்பார்.

செய்தியைக் கேட்டதும் கிரியோன் என்ன செய்கிறான்? ‘காசு வாங்கியிருக்கிறீர்கள்’ என்கிறான். பணத்தைப் பற்றி நீளமாக ஒரு வசை. ஏன் மண் போட்டார்கள் என்று கேட்பதே இல்லை. கடைசியில் வயதான குருட்டுத் தீர்க்கதரிசி வந்து சொன்னாலும் அதே பேச்சு, சோதிடக் கூட்டமே காசுக்கு அலையும் கூட்டம் என்று. மகன் வந்து சொன்னால் அவன் பெண்ணுக்கு அடிமை. தன்னை மறுத்துப் பேசுகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு கெட்ட நோக்கத்தைக் கிரியோன் தயாராக வைத்திருக்கிறான். ‘ஒருவேளை இவன் சொல்வது சரியாக இருக்குமோ’ என்ற இடத்துக்கு அவன் வருவதே இல்லை. எதிரில் நின்று அந்த வசையை வாங்கிக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அங்கே ஆணவத்தைவிட அதிகமாகப் பட்டது பயம்.

மழைக்குருவி:

ஒப்பனையறை சொன்ன பயம் எனக்குப் புதிதாக இருக்கிறது, நன்றி. நான் ஹேமன் வரும் காட்சியைப் பற்றி எழுத வேண்டும். முழு நாடகத்திலும் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

ஹேமன் சண்டைக்கு வரவில்லை. ‘அப்பா, நான் உங்கள் பிள்ளை’ என்று தொடங்குகிறான். ஆன்டிகனிமேல் உள்ள அன்பைப் பற்றி ஒரு சொல்கூட எடுக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் சாதாரண மனிதனுக்குப் பயம், அதனால் உங்களுக்குப் பிடிக்காததை உங்கள் முன்னால் யாரும் பேசுவதில்லை, ஆனால் இருட்டில் ஊர் என்ன பேசுகிறது என்று என் காதில் விழுகிறது என்கிறான். அந்தப் பெண் தண்டனைக்குரியவள் அல்ல, பொன்னால் பாராட்டத்தக்கவள் என்று ஊர் புலம்புகிறதாம். அப்புறம் இரண்டு உவமை. வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் கிளையோடு தப்பிக்கிறது, விறைத்து நிற்பது வேரோடு போகிறது. பாய்க் கயிற்றைத் தளர்த்தாமல் இழுத்துப் பிடிக்கிற மாலுமி, கவிழ்ந்த படகில்தான் மீதிப் பயணம் போக வேண்டும். கப்பலை உவமையாக முதலில் சொன்னவன் கிரியோன்தான், நாடு ஒரு கப்பல் என்று. மகன் அப்பாவின் உவமையையே எடுத்து அப்பாவிடம் நீட்டுகிறான்.

கிரியோனுக்கு அது போய்ச் சேரவில்லை. இந்த வயதில் இந்தச் சின்னப் பையனிடம் நான் புத்தி கற்க வேண்டுமா என்கிறான். வாக்குவாதம் ஏறுகிறது. ‘நான் எனக்காக ஆளாமல் வேறு யாருக்காக ஆளுவது?’ என்று கேட்கிறான். காலையில் நாடே பெரிது என்று பேசிய அதே வாய். ‘ஒரே ஆளுக்குச் சொந்தமானது ஊரே இல்லை’ என்கிறான் மகன். ‘ஆளில்லாத பாலைவனமாக இருந்தால் நீங்கள் தனியாக நன்றாக ஆளலாம்’ என்கிறான். இந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஏட்டுச்சுவடி கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த இடம்தான். காலையில் ‘நாட்டுக்காக நான்’, நண்பகலில் ‘எனக்காக நாடு’. இடையில் கெட்ட எண்ணம் எதுவும் புதிதாக வந்து சேரவில்லை. தன் சொல்லும் நாட்டின் நலனும் ஒன்றே என்று அவன் நம்பிவிட்டான், அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்த நாடகத்தில் ஹூப்ரிஸ் என்ற குற்றச்சாட்டைக் கிரியோனே ஆன்டிகனிமேல் வைக்கிறான். சட்டத்தை மீறியது ஒரு ஹூப்ரிஸாம், மீறிவிட்டு அதைச் சொல்லிப் பெருமைப்படுவது இரண்டாவதாம். உடனே அடுத்த வரியில், இவளைத் தண்டிக்காமல் விட்டால் நான் ஆண் இல்லை, இவள்தான் ஆண் என்கிறான். கீழே இருப்பவர் நிமிர்ந்து பேசினால் திமிர் என்று பெயர் வைக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்று தோன்றியது.

வடக்குவாசல்:

சரி, ஹேமன் காட்சியில் கிரியோன் தோற்கிறான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் சொன்னாலும் கேட்காதவன் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே காட்சி முடிந்ததும் முதியோர் குழு ‘இரண்டு பெண்களையுமா கொல்லப் போகிறாய்?’ என்று கேட்கிறது. ‘நல்லது கேட்டீர்கள், கை வைக்காதவளை விட்டுவிடுகிறேன்’ என்று ஆன்டிகனியின் தங்கை இஸ்மனியை விடுவிக்கிறான். ஊரார் கல்லெறிந்து கொல்வது என்று அறிவித்திருந்த தண்டனையையும் மாற்றுகிறான். ஆன்டிகனியைக் குகையில் அடைத்து, ஊருக்குத் தீட்டு வராத அளவுக்குக் கொஞ்சம் உணவு வைக்கச் சொல்கிறான். வளைகிறானே!

ஏட்டுச்சுவடி:

வடக்குவாசல், நீங்கள் சொன்னது என் கண்ணில் படாமலே போயிருக்கிறது. மூன்று முறை படித்தும்! இன்று மறுபடி அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான், சின்ன விஷயங்களில் வளைகிறான். தன் ஆணை என்ற மையத்தைத் தொடாதவரை விட்டுக்கொடுக்க அவனுக்குச் சிரமமே இல்லை. அந்த மையத்தை யாராவது தொட்டால்தான் காசு, பெண்ணடிமை, சின்னப் பையன் என்று சொற்கள் பறக்கின்றன.

இதற்குத் தமிழில் என்ன சொல் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஆணவம் என்றால் சைவ சித்தாந்தத்தின் மும்மலமும் கூடவே வந்துவிடுகிறது. செருக்கு என்றால் செல்வச் செழிப்பு, அழகு என்று எதனாலும் வரலாம். தீட்டைப் பற்றிச் சொல்ல வரும் காட்சியில் டெய்ரீசியஸ் கிரியோனிடம் சொல்லும் குற்றம் ஹூப்ரிஸ் அல்ல. ‘தவறுவது எல்லா மனிதருக்கும் பொது. தவறிய பிறகு சரிசெய்துகொள்கிறவன் அறிவிலி அல்ல’ என்று சொல்லிவிட்டு, ‘அவ்தாதியா’தான் மடமை என்ற பெயரை வாங்கித் தரும் என்கிறார். அந்தச் சொல்லைப் பிரித்தால் ‘தனக்குத் தானே பிடித்தது’ என்பது போல வரும். பிறர் சொல்லை எடுக்காமல் தன் எண்ணமே முடிவு என்று நடப்பது.

எங்கள் ஊரில் இதற்குச் சொல் இருக்கிறது: தன்மூப்பு. ‘யாரையும் கேட்காமல் தன்மூப்பாகச் செய்துவிட்டான்’ என்பார்கள். கிரியோனின் குறை தன்மூப்பு என்று எழுதினால் எனக்குப் பொருந்துகிறது. பெருமை பேசுகிறவன் அல்ல அவன். தன்னை இடித்துரைக்க ஆள் இருக்கும்போதே, இல்லாதவன் போல நடந்துகொண்டவன்.

கரிசல்மண்:

தன்மூப்பு அருமையான சொல். எடுத்துக்கொள்கிறேன்.

ஆணவத்துக்கென்றே ஒரு கிரேக்க நாடகம் வேண்டுமென்றால் எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ இருக்கிறது. கி.மு. 472இல் மேடையேறியது. செலவை ஏற்றவர், பின்னாளில் ஏதென்ஸின் தலைவரான, அப்போது இளைஞராக இருந்த பெரிக்ளிஸ். சமகால வரலாற்றை வைத்து எழுதி நமக்கு முழுதாகக் கிடைத்திருக்கும் கிரேக்கத் துன்பியல் அது ஒன்றுதான். ஹெலஸ்பாண்ட் நீரிணையைப் படகுப் பாலத்தால் பூட்டிய பாரசீக அரசன் செர்க்சிஸ் சலமிஸில் தோற்றுக் கந்தலோடு ஊர் திரும்புகிறான். அவன் அப்பா டேரியஸின் ஆவி கல்லறையிலிருந்து எழுந்து, ஹூப்ரிஸ் பூத்துக் கதிர்விட்டால் அறுவடை கண்ணீர்தான் என்கிறது. அங்கே ஹூப்ரிஸ் உண்மையிலேயே கடல் அளவு பெரியது. போரில் வென்ற ஏதென்ஸ் நகரத்து மேடையில், தோற்ற எதிரியின் அரண்மனைத் துயரத்தை அப்படி ஒருவர் எழுதினாரே என்பதும் எனக்குத் தீராத வியப்பு.

கிரியோன் செர்க்சிஸ் இல்லை. அவன் வீட்டுக்குள் இருக்கிறவன்.

மழைக்குருவி:

‘வீட்டுக்குள் இருக்கிறவன்’ என்றதும் எழுதத் தோன்றுகிறது. என் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் நிலத் தகராறு. ‘அவன் செத்தாலும் வாசல் மிதிக்க மாட்டேன்’ என்று பெரியப்பா பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். சொன்னது போலவே அப்பா இறந்த அன்று வரவில்லை. பாட்டி ஆள் மேல் ஆள் அனுப்பினாள். மறுநாள் காலை தனியாகச் சுடுகாட்டுக்குப் போய், சாம்பல் அள்ளுகிற இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். வெட்டியான் வந்து சொன்னார். பெரியப்பா கெட்டவர் இல்லை. பத்துப் பேர் முன்னால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கிரியோனைப் படிக்கும்போது எனக்கு அவர் முகம்தான் வருகிறது. கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

வடக்குவாசல்:

மழைக்குருவி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கிரியோன் கடைசியில் இறங்கி வருகிறான். விட்டுக்கொடுப்பது கொடுமை, விட்டுக்கொடுக்காமல் அழிவதும் கொடுமை என்று சொல்லி, ‘என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள், கேட்கிறேன்’ என்று முதியோரிடம் கேட்கிறான். அவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள்: முதலில் போய்ப் பெண்ணைக் குகையிலிருந்து விடு, அப்புறம் கிடக்கிறவனுக்குக் கல்லறை எழுப்பு. ஆனால் தூதன் வந்து சொல்வதைப் பாருங்கள். கிரியோன் முதலில் பிணத்திடம் போகிறான். நாய்கள் குதறியது போக மிஞ்சியதைக் கழுவி, புதிதாக ஒடித்த கிளைகளால் எரித்து, சொந்த மண்ணால் உயர மேடு எழுப்பி, அதற்கப்புறம்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில். ஏன் வரிசையை மாற்றினான்? இதிலும் தன்மூப்பா?

ஏட்டுச்சுவடி:

நான் அப்படித்தான் வாசித்தேன். கேட்கிறேன் என்று சொன்ன பிறகும் முழுதாகக் கேட்கவில்லை.

கரிசல்மண்:

எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெய்ரீசியஸ் முதலில் விவரித்த தீட்டு முழுவதும் அந்தப் பிணத்திலிருந்து வந்தது. கடவுளருக்குப் பட்ட கடனை முதலில் தீர்ப்போம் என்று அவன் ஓடியிருக்கலாம். அப்போதும் அவன் நாட்டை முதலில் வைத்தான், மருமகளாக வரவேண்டியவளை இரண்டாவதாக வைத்தான். காலையில் பேசிய கொள்கைக்கு அந்தக் கடைசி நேரத்திலும் உண்மையாக இருந்தான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

ஒப்பனையறை:

வரிசை பற்றி எங்கள் ஒத்திகையிலும் பெரிய விவாதம் நடந்தது, முடிவுக்கு வரவில்லை. கிரியோனாக நடித்தவன் கடைசியில் இயக்குநரிடம், ‘உயிரோடு இருக்கிறவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை, அதனால் முதலில் பிணத்திடம் போகிறான்’ என்றான். அதை மனதில் வைத்தே நடித்தான்.

அந்த முடிவுக் காட்சியையும் சொல்லிவிடுகிறேன். குகையில் ஹேமன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். அப்பாவைப் பார்த்ததும் முகத்தில் துப்புகிறான், வாளை உருவி வீசுகிறான், குறி தப்புகிறது. அதே வாளில் தானே விழுகிறான். செய்தியைக் கேட்ட கிரியோனின் மனைவி யூரிடிசி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போகிறாள். இவ்வளவு மௌனம் எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறது முதியோர் குழு. அவள் பலிபீடத்தருகே, பிள்ளையைக் கொன்றவன் என்று கணவனைச் சபித்துவிட்டுச் சாகிறாள்.

எங்கள் மேடையில் கிரியோன் மகன் உடலைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு நுழைந்தான். எனக்கு அந்தக் காட்சியில் வேலை இல்லை, திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு பிணத்தை யாரும் தொடக் கூடாது என்று ஆணையிட்டவன், இப்போது இன்னொரு பிணத்தைக் கீழே வைக்க மனம் வராமல் நிற்கிறான். ‘என்னைக் கூட்டிப் போய்விடுங்கள், நான் ஒன்றுமே இல்லாதவன்’ என்ற வரி வந்தபோது அவனுக்குக் குரல் வரவில்லை. வெறும் உதடுதான் அசைந்தது. பின்வரிசையில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.